அமெரிக்க வரிக்குப் பயந்து காபியை இப்போதே விற்கலாமா?

கேள்வி: தாண்டிக்குடியில் நாலு ஏக்கர் அரபிகா, ஊடே மிளகு. பார்ச்மென்ட்டை (மேல் தோலோடு இருக்கும் காபிக் கொட்டையை) காயவைத்து மூட்டை கட்டியாயிற்று. "அமெரிக்கா மறுபடி வரி போட்டால் விலை படுத்துவிடும், இப்போதே கொடுத்துவிடுங்கள்" என்கிறார் வியாபாரி. கொடுக்கவா, வைத்திருக்கவா?

பதில்: வரி வந்தால் விலை இறங்கும் என்பது பனியன், இறால் விஷயத்தில் சரியாக இருக்கலாம். காபியில் 2025-ல் நடந்ததே வேறு. அந்த ஆகஸ்டில் இந்தியாவுக்கும் பிரேசிலுக்கும் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. ஹவாய், போர்ட்டோ ரிக்கோ தவிர அங்கே காபி பெரிதாக விளைவதில்லை. வாங்குவதில் மூன்றில் ஒரு பங்கு பிரேசில் சரக்கு. அதற்கு வரி விழுந்ததும் அங்கிருக்கும் வறுப்பாலைகள் வேறு நாட்டுக் கொட்டைக்கு அலைந்தன. ஜூலையில் ராத்தலுக்கு (பவுண்டுக்கு) 3 டாலருக்கும் கீழே கிடந்த நியூயார்க் சந்தை அரபிகா விலை, செப்டம்பரில் 4 டாலரைத் தாண்டியது. நவம்பரில் பிரேசில் காபிக்கும் வரி நீங்கிய செய்தி வந்த பிறகுதான் விலை சரிந்தது! நம் காபிக்கு முக்கிய வாடிக்கை இத்தாலி, ஜெர்மனி, ரஷ்யா பக்கம். அமெரிக்காவுக்குப் போவது கொஞ்சம்தான்.

ஆகவே வியாபாரி சொல்லும் காரணத்தை விடுங்கள், அவர் சொல்லும் விலையைச் சரிபாருங்கள். நியூயார்க் விலை ராத்தலுக்கு 3 டாலர், டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ 2.2 ராத்தல், எனவே கிலோ கொட்டை சுமார் 595 ரூபாய். 50 கிலோ பார்ச்மென்ட் மூட்டையைத் தோல் நீக்கினால் ஏறக்குறைய 40 கிலோ கொட்டை தேறும். மூட்டைக்கு 23,800 ரூபாய் வருகிறது. அன்றைய விலையையும் டாலர் மதிப்பையும் போட்டு இதே கணக்கைச் செல்போனிலேயே செய்துவிடலாம். அவர் சொல்வது இதற்குப் பக்கத்தில் இருந்தால் நியாயம். நாலைந்தாயிரம் குறைந்தால் எதற்கு எவ்வளவு பிடித்தம் என்று கேளுங்கள்: ஈரமா, கருப்புக் கொட்டையா, கியூரிங் (தோல் நீக்கித் தரம் பிரிக்கும்) கூலியா? "அமெரிக்கா" என்பது பிடித்தக் கணக்கில் வராது.

முழுச் சரக்கையும் வைத்துக்கொண்டு சூதாடச் சொல்ல மாட்டேன். பிரேசிலில் உறைபனி விழுந்தால் விலை ஏறும், நல்ல மழை பெய்தால் இறங்கும்; வாஷிங்டன் அறிவிப்பு ஒரே இரவில் மாறும். ஆள் கூலிக்கும் உரக் கடனுக்கும் வேண்டிய அளவை இப்போதே கொடுத்துவிடுங்கள். மீதியை இரண்டு தவணையாக விடலாம், அதுவும் ஈரம் 10 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு. நம் மலை மூடுபனியில் மூட்டை ஈரம் இழுத்தால் கொட்டை வெளுத்துப்போகும். அப்புறம் நியூயார்க் ஏறினாலும் நமக்குப் பயனில்லை.

வர்த்தகக் கொள்கையைக் கவனிக்கத்தான் வேண்டும் என்றால் மிளகுக்குக் கவனியுங்கள். கிலோ 500 ரூபாய்க்குக் கீழே மிளகு இறக்குமதி கூடாது என்று 2017 டிசம்பரில் மத்திய அரசு வரம்பு வைத்தது. உலக விலை அதற்கு மேலே போய்விட்டால் அந்த வேலி இருந்தும் இல்லாத மாதிரிதான். இலங்கையிலிருந்து ஆண்டுக்கு 2,500 டன் வரியில்லாமல் வர ஒப்பந்தத்திலேயே இடமிருக்கிறது. மிளகு விற்கும் வாரத்தில் கொச்சி விலையோடு இலங்கைச் சரக்கின் வரத்தையும் விசாரித்துவிட்டு விலை பேசுங்கள்.