எடை ஏறாத குழந்தை: தாயையும் கவனியுங்கள்

கேள்வி: எங்கள் பெண் குழந்தைக்கு நாலு மாதம், எடை 4 கிலோ. இதயத்தில் ஓட்டை. இன்னும் கொஞ்சம் எடை ஏறட்டும், பிறகு ஆபரேஷன் என்கிறார் டாக்டர். ஒரு தடவை பால் குடிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது, நெற்றி வியர்க்கிறது. என் மனைவிக்குத் தூக்கமில்லை, சாப்பாடும் இறங்குவதில்லை, திடீரென்று அழுகிறாள். ‘தாய்ப்பால் பத்தலை’ என்கிறார் என் அம்மா. நான் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறேன். ஞாயிறுதான் வீட்டுக்கு வர முடியும்.
— வாசகர், பாலக்கோடு

பதில்: அந்த ‘பத்தலை’ என்ற பேச்சை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். ஓட்டை வழியாக நுரையீரலுக்கு அதிக ரத்தம் போவதால், மூச்சு வாங்குவதிலேயே குழந்தையின் சக்தி கரைகிறது. இப்படிப்பட்ட குழந்தைக்குக் கிலோவுக்கு 120 முதல் 150 கலோரி வேண்டும். 4 கிலோவுக்கு 480 முதல் 600. நூறு மில்லி தாய்ப்பாலில் ஏறக்குறைய 67 கலோரிதான். கணக்குப் போட்டால் தினம் 700 முதல் 900 மில்லி. அவ்வளவு குடிப்பதற்குள் களைத்துத் தூங்கிவிடுகிறாள்.

ஒரு தடவைக்கு 45 நிமிடம், தினம் எட்டுத் தடவை என்றால் தாய்க்கு ஆறு மணி நேரம் அதிலேயே போகிறது. தூக்கமும் நிம்மதியும் கெட்டால் மார்பில் பால் இருந்தும் எளிதில் இறங்காது. இறங்காமல் தேங்கினால் சில நாளில் சுரப்பே குறையும். அப்போது உங்கள் அம்மா சொன்னது உண்மையாகிவிடும்!

மடியில் தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து, 20-30 நிமிடத்துக்கு மேல் குடிக்க வைக்காதீர்கள். மீதியைப் பீய்ச்சிச் சங்கில் புகட்டுங்கள். முதலில் வரும் நீர்த்த பாலைத் தனியாக எடுத்துவிட்டுப் பின்பாலைப் புகட்டினால் கொழுப்பு கூடுதலாகச் சேரும். பீய்ச்சிய பால் நம் ஊர் வெக்கையிலும் வீட்டுக்குள் வெளியே வைத்தால் 4 மணி நேரம் தாங்கும், ஃபிரிட்ஜில் ஒரு நாள். ஆகவே படுக்கும் முன் பீய்ச்சி வைத்துவிட்டால் ராத்திரி ஒரு வேளையைப் பாட்டியே புகட்டலாம். தாய் நாலைந்து மணி நேரம் தொடர்ந்து தூங்குவாள். சங்கை ஒவ்வொரு முறையும் கழுவிக் கொதிநீரில் போட்டெடுக்க வேண்டும்.

பால் கொடுக்கும் தாய்க்குத் தினம் 600 கலோரி கூடுதலாக வேண்டும். பத்தியம் என்று ரசம் சோறு மட்டும் போட்டால் எங்கிருந்து வரும்? களி, கீரை, முட்டை, நிலக்கடலை எல்லாம் சாப்பிடட்டும்.

அழுகையும் தூக்கமின்மையும் இரண்டு வாரம் தாண்டியிருந்தால் அது சோம்பலோ பிடிவாதமோ அல்ல, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் செய்தால் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகள் உண்டு. தன்னை அல்லது குழந்தையை ஏதாவது செய்துகொள்வேன் என்று சொன்னால் அன்றைக்கே கூட்டிப் போங்கள், ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: இதய நோயுள்ள ஐந்து மாதக் குழந்தைக்கு ராகிப் பால் கொடுத்தால் எடை ஏறுமா?
— வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: ஏறாது. நீர்த்த ராகிப் பாலில் தாய்ப்பாலைவிடக் கலோரி குறைவு. வயிற்றை மட்டும் அடைக்கும். ஆறு மாதம் முடிந்த பின், கரண்டியிலிருந்து வழியாத கெட்டிக் கூழில் ஒரு டீஸ்பூன் நெய் விடுங்கள். அதிலேயே சுமார் 45 கலோரி. அதுவரை எடை ஏறவில்லை என்றால் பாலில் சேர்க்கும் பவுடரையும் அளவையும் டாக்டர் சொல்லட்டும், நீங்களாகக் கெட்டியாகக் கரைக்காதீர்கள்.