பெண் ஓவியர்களும் காலத்தின் தீர்ப்பும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற மாதம் பெண் ஓவியர்கள் மட்டும் பங்கேற்ற ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தேன். பல படங்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் முகப்பில் 'பெண் கலைஞர்கள்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததைப் பார்த்ததும் மனசு ஒப்பவில்லை. படத்துக்கு ஆண், பெண் உண்டா? நல்ல படம் என்றால் யார் வரைந்திருந்தாலும் நிற்கும். சுமாரான படத்தைத் தனி அறை ஒதுக்கித் தூக்கி நிறுத்த முடியாது என்பது என் எண்ணம். உயிரோடிருந்த காலத்தில் வான்கோவை எத்தனை பேர் கண்டுகொண்டார்கள்? அவர் ஆண்தானே? காலம் அவருக்குத் தீர்ப்பு சொல்லிவிட்டதே.

என் மகள் ஓவியக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளிடம் இதைச் சொன்னபோது, "எங்க கலை வரலாற்றுப் பாடத்துல வர்ற பெண்களை ஒரு கை விரல்ல எண்ணிடலாம்ப்பா" என்றாள். "அந்தக் காலத்தில் பெண்கள் அதிகம் வரையவில்லை, அதனால் இல்லை" என்றேன். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. நான் சொன்னது தவறா? தனி அறை கொடுப்பது அவர்களைச் சிறுமைப்படுத்துவது ஆகாதா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் வான்கோவை இழுத்தது நல்லதாகப் போயிற்று. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வான்கோ 1890 ஜூலையில் இறந்தார். அவரைக் கடைசிவரை தாங்கிய தம்பி தியோ ஆறே மாதத்தில், 1891 ஜனவரியில், போய்ச் சேர்ந்தார். மிஞ்சியவர் தியோவின் மனைவி யோ வான்கோ-போங்கர். வயது 28. இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை. வீடு நிறைய விலைபோகாத கேன்வாஸ்கள். அவற்றை எடுத்துக்கொண்டு ஹாலந்துக்குத் திரும்பிய யோ, ஒரு சிற்றூரில் தங்கும் விடுதி நடத்திப் பிழைத்தார். அந்த வீட்டுச் சுவர்களிலேயே படங்களை மாட்டினார். விமர்சகர்களுக்குக் கடிதம் எழுதினார், அவர்களை நேரில் பார்த்துப் பேசினார், கண்காட்சிகளுக்குப் படங்களை அனுப்பி வைத்தார். அன்றைய ஓவியர் ஒருவர், இந்தப் பெண் ஒன்றும் தெரியாமல் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உணர்ச்சிவசப்படுகிறாள் என்று நண்பருக்கு எரிச்சலோடு எழுதினார். யோ நிறுத்தவில்லை. 1905ல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் 480க்கும் மேற்பட்ட படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார். வான்கோ தம்பிக்கு எழுதிய கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி 1914ல் புத்தகமாக்கினார். 1924ல் சூரியகாந்திப் படம் ஒன்றை லண்டன் தேசிய ஓவியக் கூடத்துக்கு விற்றார். எந்தப் படம் யாரிடம் என்ன விலைக்குப் போனது என்று அவர் எழுதிவைத்த கணக்குப் புத்தகம் இன்றும் இருக்கிறது. அடுத்த ஆண்டு, 1925ல், அவர் இறந்தார்.

நீங்கள் காலத்தின் தீர்ப்பு என்று சொல்வது, ஒரு பெண் 34 ஆண்டுகள் செய்த வேலை. காலத்தின் கையில் மட்டும் விட்டிருந்தால் கேன்வாஸ் பூஞ்சை பிடித்திருக்கும், கடிதங்கள் அடுப்புக்குப் போயிருக்கும். ஒரு படைப்பு நிற்க வேண்டும் என்றால் யாராவது அதைப் பத்திரப்படுத்த வேண்டும், பெயரைப் பதிய வேண்டும், வாங்க வேண்டும், அதைப் பற்றி எழுத வேண்டும், அடுத்த தலைமுறைக்குச் சொல்லித்தர வேண்டும். கலை உலகம் என்று நாம் சொல்வதே இந்த வேலைகளின் தொகுப்புதான். இந்த வேலைகளைப் பெண்கள் பிறருக்காக நிறையச் செய்திருக்கிறார்கள். பெண்களுக்காக அதைச் செய்ய வந்தவர்கள் மிகக் குறைவு.

யூடித் லெய்ஸ்டர் என்ற டச்சு ஓவியரை எடுத்துக்கொள்ளுங்கள். 1609ல் பிறந்தவர். ஹார்லெம் நகரத்து ஓவியர் சங்கத்தில் 1633ல் உறுப்பினரானார். அப்படிச் சேர்ந்தவர்தான் சொந்தப் பட்டறை வைத்து மாணவர்களைச் சேர்க்க முடியும். அவரும் சேர்த்தார். ஒரு மாணவன் பாதியிலேயே அதே ஊரின் புகழ்பெற்ற ஓவியர் ஃப்ரான்ஸ் ஹால்ஸின் பட்டறைக்குப் போய்விட, லெய்ஸ்டர் சங்கத்தில் முறையிட்டார். அவ்வளவு தெளிவாகத் தொழில் செய்த பெண். 1636ல் இன்னொரு ஓவியரை மணந்தார், பிள்ளைகள் பிறந்தார்கள். அதற்குப் பிறகு அவர் வரைந்ததாக நமக்குத் தெரியவரும் படங்கள் மிகச் சில. அவருடைய கணவர் மறைந்தபின் எடுத்த சொத்துப் பட்டியலில் சில படங்களுக்கு எதிரே 'இறந்தவரின் மனைவி வரைந்தது' என்றுதான் குறிப்பு இருக்கிறது. பெயர் இல்லை.

அப்புறம் அந்தப் படங்கள் ஹால்ஸின் பெயரில் சுற்றத் தொடங்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், குடித்துக் களித்திருக்கும் ஒரு ஜோடியின் படம் ஹால்ஸின் மிகச் சிறந்த படைப்புகளில் ஒன்று என்ற உத்தரவாதத்தோடு 4,500 பவுண்டுக்கு விற்கப்பட்டது. உற்றுப் பார்த்தபோது அதில் லெய்ஸ்டரின் முத்திரை இருந்தது: ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு எழுத்துகள், பக்கத்தில் ஒரு நட்சத்திரம். வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். 1893ல் சமரசமாகி விலை குறைக்கப்பட்டது. அதே ஆண்டு ஹாஃப்ஸ்டீட் டி க்ரூட் என்ற அறிஞர் அந்த முத்திரையைப் பிடித்துக்கொண்டு லெய்ஸ்டரின் மற்ற படங்களையும் அடையாளம் காட்டினார். அந்தப் படம் இப்போது லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வழக்குக்கு முந்தின நாளும் மறுநாளும் அதே படம், அதே வண்ணம், அதே தூரிகைத் தடம்.

படத்துக்கு ஆண், பெண் இல்லை என்கிறீர்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். பார்க்கிற கண்ணுக்கு அது இருக்கிறது. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் 1801ல் வரைந்த ஒரு படம் உண்டு. வெள்ளை உடுத்திய இளம்பெண் ஜன்னலுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து மடியில் பலகை வைத்து வரைந்துகொண்டிருக்கிறாள். வெளிச்சம் பின்னாலிருந்து வருகிறது, ஆகவே அவள் முகம் நிழலில் இருக்க வேண்டும். ஆனால் மடியிலிருக்கும் வெள்ளைத் தாளில் பட்ட ஒளி திரும்பி மேலேறி அவள் கன்னத்தையும் மோவாயையும் மெல்லத் துலக்குகிறது. ஜன்னல் கண்ணாடியில் ஒரு விரிசல். அதற்கு அப்பால், தொலைவில், ஒரு ஆணும் பெண்ணும் நிற்கிறார்கள். 1917ல் அருங்காட்சியகத்துக்கு வந்தபோது இது புகழ்பெற்ற பிரெஞ்சு ஓவியர் ஜாக் லூயி தாவீத் வரைந்தது என்று எல்லோரும் நம்பினார்கள், தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 1951ல் ஓர் ஆய்வாளர், இது தாவீத் வரைந்ததல்ல, ஒரு பெண் வரைந்ததாக இருக்கலாம் என்று எழுதினார். எழுதியவர் அதோடு விடாமல், படத்தில் சாமர்த்தியமாக மறைக்கப்பட்ட பலவீனங்கள் இருப்பதையும் பெண்மையின் சாயல் தெரிவதையும் சேர்த்துச் சொன்னார். அதுவரை அந்தப் பலவீனங்கள் யார் கண்ணிலும் படவில்லை. மரீ டெனிஸ் வில்லேர் என்ற பெண் வரைந்தது என்று இன்று அருங்காட்சியகம் சொல்கிறது. அந்தக் கன்னத்து வெளிச்சத்துக்காகவே என்னைப் பொறுத்தவரை அது பெரிய படம். யார் பெயர் போட்டிருந்தாலும்.

அடுத்து, மகளுக்கு நீங்கள் சொன்ன பதில். அது சரியில்லை எஸ். பெண்கள் வரைந்தார்கள். படிக்கத்தான் விடவில்லை. அந்தக் காலத்தில் பெரிய ஓவியம் என்றால் புராணக் காட்சி, போர்க்களம், மனித உடல்கள். உடலை வரைய நிர்வாண மாடலைப் பார்த்துப் பயிற்சி எடுத்தாக வேண்டும், அந்த அறைக்குள் பெண்களுக்கு அனுமதி கிடையாது. லண்டன் ராயல் அகாடமி 1768ல் தொடங்கியபோது நிறுவனர்களில் இருவர் பெண்கள்: ஆஞ்சலிகா காஃப்மன், மேரி மோஸர். உறுப்பினர்கள் மாடலைச் சுற்றிக் கூடியிருப்பதாக யோஹன் சோஃபனி ஒரு குழு ஓவியம் வரைந்தார். ஆண்கள் அறையில் நிற்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த இரண்டு பெண்களும் சுவரில் மாட்டிய படங்களாக மட்டும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிறகு ஒரு பெண் அங்கே முழு உறுப்பினராக 1936 வரை, லாரா நைட் வரும்வரை, ஆயிற்று. அகாடமியின் பள்ளிக்குள் 1860ல் முதல் மாணவி நுழைந்ததே 'எல். ஹெர்ஃபோர்ட்' என்று மட்டும் கையெழுத்திட்டு ஓவியங்களை அனுப்பியதால்தான். லாரா என்று முழுப் பெயரையும் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மகளிடம் கேளுங்கள், அவளே சொல்வாள். பாரிஸின் அரசு ஓவியப் பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் பல காலம் பாடமாக இருந்த ஜான்சனின் கலை வரலாற்று நூல் 1962ல் வெளிவந்தபோது அதில் ஒரு பெண் ஓவியர்கூட இல்லை. உங்கள் மகளின் விரல் கணக்குக்கு இப்படி ஒரு நீண்ட பின்கதை இருக்கிறது.

தரம் என்ற அளவுகோலும் சும்மா வானத்திலிருந்து இறங்கியதல்ல. எண்ணெய் வண்ணம் கலை, நெசவு கைவேலை என்று யாரோ கோடு கிழித்தார்கள். ஆனி ஆல்பர்ஸ் 1922ல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் சேர்ந்தார். கண்ணாடி வேலைப் பட்டறை கேட்டவருக்கு நெசவுதான் கிடைத்தது. பெண்களைப் பெரும்பாலும் அங்கேதான் அனுப்பினார்கள். அவர் தறியிலேயே நவீன ஓவியத்துக்கு நிகரானதைச் செய்து காட்டினார். 1949ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. சணல் கயிற்றை முடிச்சிட்டே ஆளுயரத் தெய்வ உருவங்களை எழுப்பிய மிருணாளினி முகர்ஜியையும் உங்கள் மகள் தேடிப் பார்க்கட்டும்.

சரி, தாமதமானாலும் அங்கீகாரம் வருகிறதே என்று கேட்பீர்கள். எனக்கு மிகவும் ஆற்றாமை தருவது இந்த இடம்தான்.

கார்மென் ஹெரேரா 1915ல் ஹவானாவில் பிறந்தவர். நேர்க்கோடுகளும் இரண்டு மூன்று வண்ணங்களும் மட்டும் கொண்ட கறாரான ஓவியங்களை 1940களின் கடைசியிலிருந்தே வரைந்தார். பெண் என்பதால் உனக்குக் கண்காட்சி தரமாட்டேன் என்று ஒரு கேலரி உரிமையாளர் முகத்துக்கு நேரே சொன்னதை ஹெரேராவே பின்னாளில் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். அவருடைய முதல் படம் விற்றது 2004ல், 89 வயதில். நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் பெரிய கண்காட்சி 2016ல், 101 வயதில். பத்திரிகைகள் இதை மனதைத் தொடும் வெற்றிக்கதையாக எழுதின. நான் பார்ப்பது வேறு. 1960களில் அவர் சில சிற்பங்களைத் திட்டமிட்டார். பெரிய அளவில், உலோகத்தில் செய்ய வேண்டியவை. பட்டறை வாடகைக்கும் பொருளுக்கும் ஆள்கூலிக்கும் பணம் வேண்டும். அது இல்லாததால் அந்த வரிசை தேங்கிப்போனது. அந்தத் திட்டங்களிலிருந்து பிறந்த அலுமினியச் சிற்பங்கள் நியூயார்க் பூங்கா ஒன்றில் நின்றது 2019ல். அவருக்கு 104 வயது.

ஐம்பது வயதில் அந்த முதல் சிற்பம் முழு அளவில் எழுந்து, அதைச் சுற்றி நடந்து பார்த்திருந்தால் அடுத்ததை எப்படிச் செய்திருப்பார்? அதற்கடுத்ததை? கண்டெடுத்துத் தூசு தட்ட முடியாத இழப்பு இது. வரைந்த படம் என்றைக்காவது கிடைக்கலாம். வரையாமல் போன படம் எந்தப் பரணிலும் இல்லை. ஒரு கலைஞருக்கு 35க்கும் 55க்கும் நடுவே இடமும் பணமும் பதிலுக்குப் பேச நாலு பேரும் வேண்டும். அந்த வயதில்தான் கை தேறியிருக்கும், உடம்பிலும் தெம்பு இருக்கும். பெண்களுக்கு வீட்டுப் பொறுப்பு உச்சத்தில் இருப்பதும் அந்த வயதில்தான்.

ஏல விலையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசையில்லை. 2014ல் ஜார்ஜியா ஓ'கீஃபின் வெள்ளைப் பூ ஓவியம் ஒன்று 4.44 கோடி டாலருக்குப் போனது, ஒரு பெண் ஓவியருக்கு அதுவரை கிடைத்திராத தொகை. மூன்று ஆண்டு கழித்து லியோனார்டோ டா வின்சி பெயரில் ஏலத்துக்கு வந்த படம் 45 கோடி டாலருக்குப் போனது. இவ்வளவு போதும்.

எல்லாப் பெண் ஓவியர்களும் மேதைகள் என்று நான் சொல்ல வரவில்லை. நீங்கள் பார்த்த கண்காட்சியிலும் சுமாரான படங்கள் இருந்திருக்கும். ஆண்களின் சுமாரான படங்களும் அருங்காட்சியகக் கிடங்குகளில் ஆயிரக்கணக்கில் பத்திரமாக இருக்கின்றன. இருக்கட்டும், அவை இருப்பதால்தான் சிறந்தது எது, எங்கிருந்து அது கிளைத்தது என்று ஆய்வாளர்களால் காட்ட முடிகிறது. பெண்களிடம் மட்டும் ஒவ்வொருவரும் மேதையாக வந்து நிற்க வேண்டும் என்று கேட்கிறோம்.

தனி அறை பற்றி. நான் அதை ஆதரிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. கண்காட்சி என்பது சில வாரம் நடந்து முடிந்துவிடும். சுவரிலிருந்து படங்களைக் கழற்றி உரியவர்களிடம் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த அருங்காட்சியகம் சொந்தமாக எதை வாங்கிச் சேர்க்கிறது என்பதுதான் நிலைக்கும். அமெரிக்காவின் பால்டிமோர் அருங்காட்சியகம் 2020ஆம் ஆண்டு முழுவதும் பெண்களின் படைப்புகளை மட்டுமே வாங்குவது என்று முடிவெடுத்தது. சலுகை என்று பலர் முணுமுணுத்தார்கள். எத்தனையோ ஆண்டுகள் ஆண்களின் படைப்புகளாகவே வாங்கிக் குவித்தபோது அந்தச் சொல் யார் வாயிலும் வரவில்லை.

ஆகவே நீங்கள் பார்த்த கண்காட்சியை நடத்தியவர்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள். எனக்கு எழுதிய அளவுக்கு நீளமாக வேண்டாம், இரண்டே கேள்வி: காட்சிக்கு வைத்தவற்றில் எத்தனை படங்களை உங்கள் சேகரிப்புக்காக வாங்கினீர்கள்? அவற்றை வரைந்தவர்களில் ஐம்பது வயதுக்கு உட்பட்டவர் எத்தனை பேர்? கடிதத்தில் மகளையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், முழுப் பெயரோடு. பதில் வந்தால் எனக்கும் தெரிவியுங்கள்.

அன்புடன்.