புதிய நாட்டில் வேலை தேடுகிறேன். அனுபவம் இருந்தும் முதல் சுற்றோடு நின்றுவிடுகிறது. மொழிதான் காரணமோ? நேர்காணலுக்கு எப்படித் தயாராவது?

மொழிதான் காரணமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. எதிரில் இருப்பவருக்கு உங்கள் பழைய நிறுவனத்தின் பெயரும் தெரியாது, பதவியின் எடையும் தெரியாது. சொந்த நாட்டில் பெயரைச் சொன்னாலே புரிந்ததை இங்கே அளவு சொல்லி விளக்க வேண்டும்.

ரெஸ்யூமேயில் உள்ள ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வரி தயார் செய்யுங்கள்: என்ன தொழில், எத்தனை பேர், யாருக்கு விற்கிறது. ஒவ்வொரு பதவிக்கும் இன்னொரு வரி: உங்களுக்குக் கீழே எத்தனை பேர், எந்த முடிவை யாரையும் கேட்காமல் நீங்களே எடுக்க முடிந்தது. 'சீனியர் மேனேஜர்' ஓரிடத்தில் 40 பேரை நடத்துபவர். வேறோர் இடத்தில் தனியாக வேலை பார்ப்பவர். பட்ஜெட்டை உள்ளூர் நாணயத்துக்கு மாற்றிச் சொன்னால் பெரிய திட்டம்கூடச் சின்னதாகத் தெரியலாம். "துறையின் மொத்தச் செலவில் கால் பங்கு என் பொறுப்பில் இருந்தது" என்றால் எங்கேயும் புரியும்.

அடுத்து, "சக ஊழியரோடு கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்?" போன்ற கேள்விகள். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் இவை மிகச் சாதாரணம். சூழல், பணி, செயல், விளைவு என்ற வரிசையில் பதில் சொல்லும் ஸ்டார் முறையை எல்லோரும் படித்துவிட்டுத்தான் போகிறார்கள். சொதப்புவது நேரப் பங்கீட்டில். இரண்டு நிமிடப் பதிலில் சூழலும் பணியும் சேர்த்து 30 நொடி, செயலுக்கு ஒரு நிமிடம், மிச்சம் விளைவுக்கு. அந்நிய நிறுவனத்தை விளக்கும் பதற்றத்தில் பலர் சூழலிலேயே ஒன்றரை நிமிடத்தைக் கரைத்துவிடுகிறார்கள். போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள், உடனே பிடிபடும். ஆறேழு சம்பவங்கள் போதும்: ஒரு மோதல், ஒரு தோல்வி, தவறிய ஒரு கெடு, மேலதிகாரியின் கருத்தை மறுத்த ஒரு தருணம், இப்படி. ஒரே சம்பவம் இரண்டு மூன்று கேள்விக்குப் பொருந்தும். வரிக்கு வரி மனப்பாடம் செய்தால் குறுக்குக் கேள்வி வந்ததும் சிக்கிக்கொள்வீர்கள். சம்பவத்துக்கு நாலு குறிப்பு மட்டும் எழுதி வையுங்கள்.

"நாங்கள் செய்தோம்" என்பது நம் ஊர்ப் பணிவு. ஆனால் மதிப்பெண் போடுபவர் தாளில் எழுத அதில் எதுவும் இல்லை. "முடிவு டீமுடையது, தரவைத் திரட்டி இரண்டு வழிகளை முன்வைத்தது நான்" என்று பிரித்துச் சொல்லுங்கள். இது தற்பெருமை ஆகாது.

கேள்வி சரியாகக் காதில் விழவில்லையா? புரிந்த மாதிரி வேறெதையோ பேசுவதுதான் ஆபத்து. "நீங்கள் கேட்பது இதைத்தானே?" என்று உங்கள் சொற்களில் திருப்பிக் கேளுங்கள், யாரும் குறைவாக நினைக்கமாட்டார்கள்.

வேலை அனுமதி பற்றி ஒரே வாக்கியம்: எந்த அனுமதி, எந்தத் தேதி வரை, நிறுவனம் ஸ்பான்சர் செய்ய வேண்டுமா. நீட்டினால் ஏதோ சிக்கல் என்று தோன்றும். மருத்துவம், செவிலியம் மாதிரி உரிமம் தேவைப்படும் தொழில் என்றால் விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் சேருங்கள். கனடாவில் பொறியாளர் உரிமத்தை அந்தந்த மாகாண அமைப்புதான் தருகிறது; அது கிடைக்கும் முன் ரெஸ்யூமேயில் 'பொறியாளர்' என்று போடலாமா என்று முதலில் விசாரியுங்கள்.

சம்பளப் பேச்சில் பழைய சம்பளத்தை நாணயம் மாற்றிச் சொல்வதுதான் அதிகம் நஷ்டம் தரும் பிழை. ஊதியம் குறைந்த நாட்டிலிருந்து வருபவருக்கு அந்தச் சிறிய எண்ணே பேரத்தின் தொடக்கமாகிவிடும். இதே வேலைக்கான உள்ளூர் விளம்பரங்களைப் பார்த்து ஒரு வரம்பைச் சொல்லுங்கள். வருடக் கணக்கா மாதக் கணக்கா, வரிக்கு முன்பா பின்பா என்று தெளிவுபடுத்துங்கள். சில ஐரோப்பிய நாடுகளில் 13வது மாதச் சம்பளம், அதாவது வருடத்தில் கூடுதலாக ஒரு மாதச் சம்பளம், தனியாக உண்டு.

பரிந்துரைப்பவர்கள், அதாவது உங்களைப் பற்றி நிறுவனம் விசாரிக்கும் ஆட்கள், பழைய நாட்டில் இருந்தால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொந்த ஜிமெயில் முகவரியை ஏற்காத நிறுவனங்கள் உண்டு, அலுவலக மின்னஞ்சல் முகவரியைக் கேட்டு வாங்குங்கள். அவர்களுடைய நேர மண்டலத்தையும் படிவத்திலேயே குறிப்பிடுங்கள். நள்ளிரவில் வந்த அழைப்பை யாரும் எடுக்கமாட்டார்கள்.