சரக்கு உங்கள் காசில், வீடு யாருடையது?

கேள்வி: பதினாறு வருடமாக டைல்ஸ் ஒட்டும் வேலை செய்கிறேன். வயது 38. பெரும்பாலும் மச்சான் எடுக்கும் காண்ட்ராக்ட்தான். டைல்ஸ், அதை ஒட்டும் அட்ஹெசிவ் எல்லாம் மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்குக் கடன் வாங்கி நானே இறக்கிவிடுவேன். அவர் நாலு மாதம் கழித்துக் கொடுப்பார். வேலைக்குக் குறைவில்லை, ஆனால் கையில் எதுவும் நிற்பதில்லை. முழங்கால் வேறு வலிக்க ஆரம்பித்துவிட்டது. மியூச்சுவல் ஃபண்டில் போடலாமா, நண்பர் சொல்லும் கிரிப்டோவில் போடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம், இப்போதைக்கு. நீங்கள் கட்டுவது வருடத்துக்கு 36 சதவீத வட்டி. அதைத் தாண்டி லாபம் தருவதாக யாராவது சொன்னால், நண்பராகவே இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

கணக்கை உங்கள் நாள் கூலியிலேயே போட்டுப் பார்ப்போம். 20 நாள் வேலை. சரக்கு 40 நாள் கூலி அளவுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி 1.2 நாள் கூலி. நாலு மாதத்தில் கிட்டத்தட்ட 5 நாள் போயிற்று. அப்புறம், வெட்டுச் சேதாரம். நேர் வரிசைக்கே பத்து சதவீதம் கூடுதலாக வாங்குவீர்கள், குறுக்கு வரிசைக்கு அதற்கும் மேல். மச்சான் தருவது தரையின் அளவுக்கா, வாங்கிய பெட்டிக் கணக்குக்கா? கடிதத்தில் இல்லை, ஆனால் தரையின் அளவுக்குத்தான் என்று என் சந்தேகம். அப்படியானால், சரக்கில் டைல்ஸ் மட்டும் 30 நாள் கூலி என்று வைத்தால், இன்னும் 3 நாள். ஆக, இருபதில் எட்டு நாள் குனிந்தபடி சும்மா வேலை பார்க்கிறீர்கள். முழங்கால் வலிக்காமல் என்ன செய்யும்!

இனி சரக்கில் கை வைக்காதீர்கள். அறையை அளந்து, சேதாரம் சேர்த்து, இத்தனை பெட்டி, எல்லாம் நிறம் மாறாதபடி ஒரே பேட்ச், இத்தனை மூட்டை அட்ஹெசிவ் என்று சீட்டு எழுதிக் கொடுங்கள். மச்சானோ வீட்டுக்காரரோ கடையில் நேராகப் பணம் கட்டட்டும். கூலியை மூன்றாகப் பிரியுங்கள்: தொடங்கும்போது கொஞ்சம், ஒட்டி முடித்ததும் பெரும்பகுதி, டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கிரவுட் போட்டதும் மீதி. அட்ஹெசிவ் இறுகக் குறைந்தது ஒரு நாள் காத்திருந்துதானே கிரவுட் போடுவீர்கள்? இரண்டாவது தவணையைக் கேட்க அதுதான் சரியான நாள். வராவிட்டால் கிரவுட்டும் காத்திருக்கட்டும்.

மச்சானிடம் இதை நீங்களே சொல்லுங்கள். மனைவியைத் தூது அனுப்பினால் கணக்கு குடும்பச் சண்டையாகிவிடும். "எனக்கு வேலை கொடுங்கள், கடன் வேலை வேண்டாம்" என்றால் போதும். கோபித்துக்கொண்டு வேறு ஆளைத் தேடுவார் என்று பயமா? நாலு மாதம் சொந்தக் காசில் சரக்கு இறக்கும் டைல்ஸ் மேஸ்திரி அவருக்கு அவ்வளவு சுலபமாகக் கிடைக்கமாட்டார். பழைய பாக்கியைத் தேதி போட்டு மூன்று தவணையாக வாங்கி, வந்ததை அப்படியே கடனில் கட்டுங்கள். ஒரு தவணையைக்கூட வீட்டுச் செலவுக்குத் திருப்பாதீர்கள்.

முழங்காலைப் பற்றி ஒன்று. விபத்து பாலிசி எடுத்தால் போதும் என்று ஏஜெண்ட் சொல்லலாம். தேய்மானத்துக்கு அது பொதுவாகப் பணம் தராது. நல்ல முட்டிக் கவசம் ஒரு ஜோடி வாங்குங்கள். கடன் தீர்ந்த பிறகு முதல் சேமிப்பு, மூன்று மாதம் வேலைக்குப் போகாமல் இருந்தாலும் வீடு ஓடுகிற அளவுக்கு, சாதாரண வங்கிக் கணக்கில். அது நிறைந்ததும் ஃபண்டைப் பற்றி எழுதுங்கள், பதில் சொல்கிறேன். கிரிப்டோவைப் பற்றி எழுத வேண்டாம்.