பாலைவனத்தில் இரண்டாவது வீடு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கலிஃபோர்னியாவில் அர்வைனில் வேலையில் இருக்கிறேன். ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு அடிக்கடி போய், அந்த அமைதியும் இரவு வானமும் பிடித்துப்போய்விட்டது. அங்கே சின்னதாக ஒரு வீடு வாங்க நினைக்கிறோம். ஊரிலிருந்து அப்பா, அம்மா வரும்போது அவர்களுக்கும் ஒரு மாற்றமாக இருக்கும். ஜோஷுவா ட்ரீ ஊருக்குள் ஒரு வீடும், ட்வென்டிநைன் பாம்ஸுக்குக் கிழக்கே வொண்டர் வேலியில் 5 ஏக்கர் நிலத்தோடு ஒரு பழைய கேபினும் பார்த்து வைத்திருக்கிறோம். கேபின் பாதி விலைதான். நாங்கள் போகாத நாட்களில் ஏர்பிஎன்பி தளத்தில் நாள் வாடகைக்கு விட்டால் லோன் தவணையை அதுவே கட்டிவிடும் என்கிறார் ஏஜெண்ட். மழையே இல்லாத ஊர் என்பதால் பராமரிப்பும் குறைவு. நிலநடுக்கம் ஒன்றுதான் பயம். எதை வாங்கலாம்?

கார்த்திகேயன்

அன்புள்ள கார்த்திகேயன்,

மழையே இல்லாத ஊர், அதனால் பராமரிப்பு குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். உடனே பதில் எழுத உட்கார்ந்தது அந்த வரிக்காகத்தான். அந்தப் பக்கத்தில் வீட்டைக் கெடுப்பது வெயிலைவிடத் தண்ணீர். கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயம் இது.

அதற்கு முன் வாடகைக் கணக்கை முடித்துவிடுகிறேன். ஆண்டில் ஒரு பகுதியாவது நீங்களே அங்கே தங்குவீர்கள் என்று எழுதிக்கொடுத்து வாங்குவதுதான் இரண்டாம் வீட்டு லோன். 10 சதவீத முன்பணத்துக்குக்கூட அது கிடைப்பது அதனால்தான். வரப்போகும் வாடகையை வருமானமாகக் காட்டி அதை வாங்க முடியாது. ஆண்டு முழுக்க வாடகைக்கு விடும் எண்ணத்தோடு அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அது வங்கியிடம் சொல்கிற பொய். போடப்போவது உங்கள் கையெழுத்து, ஏஜெண்டுடையது அல்ல. குறுகிய கால வாடகைக்கு அனுமதியும் வேண்டும். ஜோஷுவா ட்ரீக்கும் வொண்டர் வேலிக்கும் சான் பெர்னார்டினோ கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். ட்வென்டிநைன் பாம்ஸுக்கும் யுக்கா வேலிக்கும் தனித்தனி நகர விதிகள். விற்பவரிடம் இருக்கும் அனுமதி தானாக உங்களுக்கு வந்துவிடும் என்று நம்பாதீர்கள். வீட்டு வரியும் விற்பவர் கட்டுகிற தொகை அல்ல, நீங்கள் வாங்கும் விலைக்கு மறுமதிப்பீடு ஆகும்; சில மாதம் கழித்துத் துணை வரிச் சீட்டு ஒன்று தனியாக வரும். வாடகை ஒரு பைசா வராவிட்டாலும் கட்ட முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள்.

நிலநடுக்கம்: 1992-இல் லேண்டர்ஸில் 7.3, 1999-இல் ஹெக்டர் மைனில் 7.1. இரண்டும் அந்தப் பக்கம்தான். ஆனால் அர்வைனில் குடியிருப்பவர் அதற்காகத் தனியாகப் பயப்பட வேண்டியதில்லை. மரச்சட்டம் அஸ்திவாரத்தோடு போல்ட் போட்டுப் பிணைத்திருக்கிறதா என்று ஆய்வாளரிடம் கேளுங்கள், போதும்.

இனி தண்ணீர். பக்கத்து ஊரான யுக்கா வேலியில் நடந்ததைத் தெரிந்துகொண்டு வீடு தேடுங்கள். அங்கே அப்போது பாதாளச் சாக்கடை கிடையாது, வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். நிலத்தடி நீர் மிக ஆழத்தில் இருந்ததால் கழிவுநீர் அதைப் போய்ச் சேராமல் இடையிலிருந்த காய்ந்த மண்ணிலேயே பல பத்தாண்டுகளாகத் தங்கிக் கிடந்தது. 1995-இல் வெளியிலிருந்து நீரைக் கொண்டுவந்து குளங்களில் தேக்கி நிலத்தடி நீரை உயர்த்தத் தொடங்கினார்கள். நல்ல நோக்கம்தான். நீர்மட்டம் 250 அடி வரை ஏறியது. ஏறிய நீர் இடையில் கிடந்த கழிவையும் கரைத்துக்கொண்டது. லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவில் இருந்த நைட்ரேட், 44-ஐத் தாண்டிக் குடிநீருக்கான வரம்பை மீறியது. கடைசியில் செப்டிக் டேங்குகளுக்குத் தடை வந்து, சுத்திகரிப்பு நிலையம் கட்டி, கட்டம் கட்டமாகச் சாக்கடைக் குழாய் பதித்தார்கள். செலவில் ஒரு பங்கு வீட்டுக்காரர்களின் வரிச் சீட்டில் ஏறியது.

நீங்கள் பார்த்திருக்கும் ஜோஷுவா ட்ரீ வீடும் அநேகமாகச் செப்டிக் டேங்க்தான். ஏஜெண்ட் சமையலறைக் கல்லைத் தடவிக் காட்டுவார். நீங்கள் டேங்க் மூடி எங்கே என்று கேளுங்கள். வழக்கமான கலிஃபோர்னிய ஒப்பந்தப் படிவத்தில் ஆய்வுக்கு 17 நாள் இருக்கும். பொதுவான வீட்டு ஆய்வாளர் டேங்கைத் திறக்க மாட்டார். அதற்கென்று உரிமம் உள்ளவரை முதல் வாரத்திலேயே அழையுங்கள். மூடிகளைத் தோண்டி எடுத்து, முழுக்க இறைத்து, காலித் தொட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். நிறைந்திருக்கும் தொட்டியை எட்டிப் பார்த்து எழுதிய சான்றிதழ் எதற்கும் உதவாது.

பார்க்க வேண்டிய இடம் உள்சுவர். நீர் நிற்கும் மட்டத்தில் ஒரு கறைக்கோடு இருக்கும். அது வெளியேறும் குழாயின் அடிமட்டத்தோடு நின்றால் சரி. அதற்கு மேலே ஒரு சாண் ஏறியிருந்தால், தொட்டியிலிருந்து வரும் நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழி அதை வாங்க மறுத்திருக்கிறது என்று அர்த்தம். இறைத்து முடித்த பிறகு வெளிக்குழாய் வழியாக நீர் திரும்பித் தொட்டிக்குள் ஓடிவந்தாலும் அதே கோளாறுதான். தொட்டியைப் பழுதுபார்க்கலாம். உறிஞ்சு குழி அடைத்துவிட்டால் வேறிடத்தில் புதிதாகத் தோண்ட வேண்டும். அங்கே ஜோஷுவா மரம் நின்றால் அடுத்த சிக்கல்: 2023-இல் வந்த மாநிலச் சட்டப்படி அந்த மரத்தை வெட்டவோ கிளை கழிக்கவோ மாநில வனவிலங்குத் துறையின் அனுமதி வேண்டும். வேரைப் பாதிக்கும்படி மண்ணைத் தோண்டினாலும் அப்படித்தான். வேலை நடக்கும் இடத்திலிருந்து 50 அடிக்குள் நிற்கும் மரங்களையெல்லாம் கணக்கெடுத்து விண்ணப்பிக்க வேண்டும்.

கவுண்டியின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவில் அந்த வீட்டின் செப்டிக் அனுமதிப் பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள். அதில் 2 படுக்கையறை, விளம்பரத்தில் 3 என்றால் அநேகமாகக் கராஜை அறையாக்கியிருப்பார்கள். தொட்டியும் குழியும் பழைய அளவிலேயே இருக்கும். ஹாட் டப் இருந்தால் அதன் நீரை எங்கே வடிக்கிறார்கள் என்று கேளுங்கள். அவ்வளவு குளோரின் நீரைச் செப்டிக் டேங்கில் விட்டால் கழிவை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும், குழியும் ஒரேயடியாக நிரம்பும்.

கேபினை விட்டுவிடுங்கள். 1938-ஆம் ஆண்டின் சிறு நிலச் சட்டப்படி 5 ஏக்கர் 5 ஏக்கராகப் பிரித்துக் கொடுத்த நிலத்தில் பேருக்கு எழுப்பிய குடில்கள்தான் வொண்டர் வேலியில் பெரும்பாலும். குழாய் நீர் வராது. டேங்கர் லாரியில் வாங்கித் தொட்டியில் நிரப்ப வேண்டும். பல வங்கிகள் அப்படிப்பட்ட வீட்டுக்கு லோனே தருவதில்லை. பாதி விலைக்குக் காரணம் புரிகிறதா? கிணறு இருந்தாலும் ஆர்செனிக், ஃப்ளோரைடு, உப்பு மூன்றுக்கும் சோதிக்காமல் ஒரு வாய் குடிக்கக் கூடாது. ட்வென்டிநைன் பாம்ஸ் நீர் வாரியமே ஃப்ளோரைடு நீக்கத் தனி ஆலை வைத்திருக்கிறது. சாதாரண கார்பன் ஃபில்டர் அதை எடுக்காது, ஆர்ஓ வேண்டும். வயதான அம்மாவைக் கூட்டிவந்து, தொட்டியில் எத்தனை அங்குலம் மிச்சம் என்று பார்த்துப் பார்த்துக் குளிக்க வைக்கப் போகிறீர்களா? அவர்களை அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் ஜோஷுவா ட்ரீக்குக் கூட்டி வாருங்கள். சுமார் 2,700 அடி உயரம், குளிர்காலப் பகல் வெயில் இதமாக இருக்கும், மருத்துவமனையும் ஊரிலேயே இருக்கிறது. ஜூலையில் அங்கே அவர்களைத் தங்க வைக்காதீர்கள். ட்வென்டிநைன் பாம்ஸ் இன்னும் 700 அடி தாழ்வு, ஜூலையில் 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே சாதாரணம்.

குளிர்காலத்திலும் மழை உண்டு, ஆனால் இடிமழை வருவது பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பர் வரை, வந்தால் ஒரே அடியாக. மலையடிவாரத்து மணல் சரிவில் வெள்ளம் எந்த வறண்ட ஓடையில் இறங்கும் என்று சொல்ல முடியாது, பாதையை மாற்றிக்கொள்ளும். அமெரிக்க அரசின் பேரிடர் அமைப்பான ஃபீமாவின் வெள்ள வரைபடத்தைப் பாருங்கள், அதோடு நிறுத்தாமல் மனையின் மேட்டுப்பக்க எல்லையில் நடந்து பாருங்கள். வேலியடியில் மணல் ஒதுங்கியிருக்கிறதா, கிரியோசோட் என்ற பாலைவனப் புதர்களின் தண்டில் முழங்கால் உயரத்தில் சருகும் குச்சியும் சிக்கியிருக்கிறதா? அதுதான் போன வெள்ளத்தின் மட்டம். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது. வெள்ளக் காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டும். லோன் வாங்கும்போதே எடுக்காமல் பிறகு எடுத்தால் 30 நாள் காத்திருக்க வேண்டும்.

கடைசியாக, ஆளில்லாத நாட்கள். அங்கே பல வீடுகளின் கூரையில் ஏர் கூலர் உட்கார்ந்திருக்கும். கடின நீர் ஆவியாகி ஆவியாகி மிதவை வால்வின் ஊசியில் சுண்ணாம்பு படியும், வால்வு மூடாது, கூலரின் நீர்த்தட்டு வழிந்து கூரைக்குள் இறங்கும். அடுத்த முறை நீங்கள் போகும்போது உத்தரம் ஊறி, சீலிங் தொங்கிக்கொண்டிருக்கும். கோடையிலும் வீட்டைப் பூட்டிக் கிளம்பும்போது கூலருக்குப் போகும் சின்னக் குழாயின் வால்வை மூடிவிடுங்கள். குளிர்காலத்துக்கு முன் தட்டை வடித்து, அந்தக் குழாயையும் கழற்றி வையுங்கள். இரவில் உறைநிலைக்குக் கீழே போகும்போது உள்ளே நிற்கும் நீர் உறைந்து குழாயைப் பிளக்கும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் வாட்டர் ஹீட்டரை அணைத்து, மெயின் வால்வை மூடி, தாழ்வான குழாய் ஒன்றைத் திறந்து மிச்ச நீரை வடியவிடுங்கள். தரை வடிகாலிலும் சிங்க்கிலும் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் ஊற்றினால் வளைகுழாயில் நிற்கும் நீர் காயாது. காய்ந்தால் செப்டிக் வாடை வீடு முழுக்கப் பரவும். வீடு தொடர்ந்து எத்தனை நாள் காலியாக இருந்தால் காப்பீடு செல்லாது என்பதைப் பாலிசியில் தேடிப் படியுங்கள். 30 அல்லது 60 நாள் என்று போட்டிருப்பார்கள்.

ஜோஷுவா ட்ரீ வீட்டின் செப்டிக் அறிக்கை வந்ததும் எனக்கு அனுப்புங்கள். தொட்டியின் உள்சுவர்ப் படமும் வேண்டும்.