முதல் முறையாகக் கப்பலில் பாய்லரைப் பொறுப்பேற்கிறேன், பராமரிப்பை எங்கிருந்து தொடங்குவது?

தேர்ட் இன்ஜினியராக ஏறப் போகிறீர்கள், பாய்லர் உங்கள் கையில் வருகிறது, எதை முதலில் கவனிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தண்ணீரைக் கவனியுங்கள். பர்னரை எப்போது கழற்ற வேண்டும், சர்வேக்கு எப்போது திறந்து காட்ட வேண்டும் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கும் அட்டவணை தேதி போட்டுச் சொல்லிவிடும். தண்ணீர் கெட்டுப்போவதை அது சொல்லாது, நீங்களே சாம்பிள் பிடித்துப் பார்த்தால்தான் உண்டு.

நான் ஏறிய ஒரு பழைய பல்க் கேரியரில் 7 பாரில் ஓடும் சின்ன பாய்லர்தான் இருந்தது. லாக் புத்தகத்தைப் புரட்டினால் மூன்று வாரமாகக் குளோரைடு, அதாவது தண்ணீரில் உப்பின் அளவு, 60, 60, 60 ppm என்றே எழுதியிருந்தது, பாய்லர் தண்ணீர் அப்படி அசையாமல் நிற்காதே, ப்ளோடவுன் கொடுத்து கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றினால் இறங்கும் விட்டால் ஏறும் என்று எனக்கு உறுத்தியது. மறுநாள் காலை சாம்பிளை ஆறவைத்து டெஸ்ட் கிட்டில் இருக்கும் குளோரைடு மாத்திரையை நானே அதில் போட்டேன். மஞ்சளாக இருக்கும் தண்ணீர் செம்பழுப்பாக மாறும்வரை எத்தனை மாத்திரை போகிறது என்பதுதான் அந்தக் கிட்டின் கணக்கு, ஒன்றைக் கழித்து மீதி ஒவ்வொன்றுக்கும் 20, ஆக 60 என்றால் நாலாவதில் மாறியிருக்க வேண்டும். நாலு, அஞ்சு, ஆறு என்று போட்டுக் குலுக்கிக்கொண்டே இருக்கிறேன், மஞ்சள் அப்படியே இருக்கிறது. ஒன்பதாவதில்தான் மாறியது. 160.

ஸ்டீம் குளிர்ந்து தண்ணீராகித் திரும்பி வந்து சேரும் ஹாட்வெல் தொட்டித் தண்ணீரிலும் உப்பு காட்டியது. அப்புறம் துறைமுகத்தில் ஸ்டீமை நிறுத்திவிட்டு, ஸ்டீமைக் கடல்நீரால் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கண்டென்சரின் மூடியைக் கழற்றி, ஸ்டீம் பக்கத்தில் தண்ணீர் நிரப்பி டார்ச் அடித்துப் பார்த்தோம். கீழ் வரிசையில் ஒரு டியூபின் வாயில் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்தது. இரண்டு முனையிலும் பித்தளை அடைப்பு அடித்தோம், அரை நாள் வேலை. விட்டிருந்தால் அந்த உப்பு பாய்லர் டியூபைக் குழி குழியாக அரித்திருக்கும். அந்த 60-ஐத் தினமும் எழுதியவர் மேல் எனக்கு இன்றும் கோபம்தான்.

ஹாட்வெல்லைத் தினமும் எட்டிப் பாருங்கள். வெப்பநிலையை 80, 90 டிகிரியில் வைத்தால் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் பெரும்பாலும் வெளியேறிவிடும். மேலே எண்ணெய்ப் படலம் மினுங்கினால் எங்கேயோ எண்ணெய்த் தொட்டியைச் சூடாக்க ஸ்டீம் ஓடும் ஹீட்டிங் காயில் ஓட்டையாகியிருக்கிறது. ரிட்டர்ன் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடித் தேடுங்கள், கண்டுபிடிக்கும்வரை அந்தத் தண்ணீரை பாய்லருக்கு அனுப்பாதீர்கள். டியூபில் எண்ணெய் மெல்லிசாகப் படிந்தாலே வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் உலோகம் காய்ந்து புடைத்துவிடும்.

பாய்லரின் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கேஜ் கிளாஸைத் தினம் ஒரு தடவையாவது ப்ளோ செய்து அடைப்பை நீக்குங்கள், தண்ணீர்ப் பக்கம் அடைத்துக்கொண்டால் ஸ்டீம் உள்ளேயே குளிர்ந்து கண்ணாடி நிறையத் தண்ணீர் இருப்பதுபோலக் காட்டும், பாய்லர் காலியாகிக்கொண்டிருக்கும். மெயின் இன்ஜின் புகையின் சூட்டில் ஸ்டீம் தரும் எக்கனாமைசரில் கரி சேரவிடாதீர்கள், மெதுவாக ஓட்டும் கப்பல்களில் அது சீக்கிரம் சேரும். மெயின் இன்ஜினை நிறுத்தியதும் அதன் டியூபுகளில் தண்ணீரைச் சுற்றவிடும் சர்குலேட்டிங் பம்பை நிறுத்திவிடக் கூடாது, கரி பற்றிக்கொண்டால் டியூபே எரியும் அளவுக்குப் போய்விடும்.

நட்டு, போல்ட்டு கிடக்கும் ஸ்பேர் பெட்டியைப் பலர் பராமரிப்பாகவே நினைப்பதில்லை. 1990 அக்டோபரில் அமெரிக்கக் கடற்படையின் இவோ ஜிமா கப்பலில், பஹ்ரைனில் பழுது பார்த்த ஒரு ஸ்டீம் வால்வின் மூடி பிய்த்துக்கொண்டு போனதில் பத்துப் பேர் இறந்தார்கள். எஃகு நட்டு இருக்க வேண்டிய இடத்தில் கருப்புப் பூச்சுப் பூசிய பித்தளை நட்டுகளை முடுக்கியிருந்தார்கள், பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். இதைப் படித்த பிறகு ஸ்டீம் லைனுக்குப் போகும் எந்த நட்டையும் நான் காந்தம் வைத்துப் பார்க்காமல் கொடுப்பதில்லை. காந்தம் ஒட்டினால் மட்டும் போதாது, நட்டின் முகப்பில் அதன் வலிமை வகையைச் சொல்லும் கிரேடு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏறிய அன்றே ஹேண்டோவர் தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இறங்கப் போகிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "சார், ஒரு தடவை சேர்ந்து வாட்டர் டெஸ்ட் பண்ணிடலாமா" என்று கேளுங்கள், வந்த எண்ணை அப்படியே லாக்கில் எழுதி அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள்.