கண்மாய்க் கரையிலும் காட்டோரத்திலும்: வாசகர் கேள்விகள்

மாசி பிறந்து கண்மாய்களில் தண்ணீர் வற்றத் தொடங்கியதும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கு மாறிவிடுகிறது. பட்டா, பாகப்பிரிவினை பற்றிய கேள்விகள் குறைந்து, மீன், முயல், பன்றி பற்றிய கேள்விகள் குவிகின்றன. அவற்றில் சிலவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. ஊர்ப் பகுதியை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: சிவராத்திரி முடிந்ததும் பாரிவேட்டைக்குப் போவது எங்கள் ஊரில் முன்னோர் காலத்து வழக்கம். கிடைக்கும் முயலைச் சாமிக்குப் படைத்து, ஊரே பங்கிட்டுக்கொள்ளும். சென்ற ஆண்டு எங்கள் இளைஞர்கள் சிலர்மீது வழக்குப் பதிவாகிவிட்டது. காட்டுக்குள் போகாமல் சொந்தப் பட்டா நிலத்தில் பிடித்த முயலுக்கு ஏன் தண்டனை? (மேலூர் வட்டம்)

பதில்: முயல் ஓடிய நிலம் யாருடையது என்று சட்டம் பார்ப்பதில்லை, அது பார்ப்பது விலங்கை மட்டுமே. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், தன் அட்டவணைகளில் உள்ள விலங்குகளை வேட்டையாடுவதைப் பிரிவு 9இன்கீழ் தடை செய்கிறது. 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வடிவில், முன்பு ஆறாக இருந்த அட்டவணைகள் நான்காகச் சுருங்கின. முதல் இரண்டும் விலங்குகளுக்கு உரியவை. நம் வயல்வெளி முயல் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அது காப்புக்காட்டில் இருந்தாலும், உங்கள் கடலைக் காட்டில் இருந்தாலும், கண்மாய்க் கரைப் புதரில் இருந்தாலும் பாதுகாப்பு ஒன்றுதான். பிடிபட்ட முயலும் பிரிவு 39இன்படி அரசின் சொத்தாகிவிடுகிறது.

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஊர்ப் பேச்சில் வேட்டை என்றால் கொல்வது. சட்டத்தில் அந்தச் சொல் மிக விரிந்தது: கொல்வது, விஷம் வைப்பது, பிடிப்பது, துரத்துவது, சுருக்கு வைப்பது, பொறி வைப்பது, இரை போட்டு இழுப்பது, இவற்றில் எதையாவது செய்ய முயல்வது ஆகிய எல்லாமே பிரிவு 2(16)இன்படி வேட்டைதான். பறவைகளின் கூட்டைக் கலைப்பதும் முட்டையைச் சிதைப்பதும்கூட அதில் அடங்கும். ஆகவே சிப்பிப்பாறை நாயை அவிழ்த்துவிட்டுத் தடைவலை கட்டிக் காத்திருந்துவிட்டு, “முயல் ஒன்றும் கிடைக்கவில்லையே” என்று சொல்வது எதிர்வாதமாகாது. வலை கட்டிய கணத்திலேயே குற்றம் நிகழ்ந்துவிட்டது.

பெரியவர்கள் அந்தக் காலத்தில் உரிமம் வாங்கி வேட்டையாடியதாகச் சொல்வார்கள், அது உண்மை. சென்னை மாகாணத்தில் 1873இல் காட்டு யானைகளுக்கும், 1879இல் நீலகிரியின் வேட்டை விலங்குகளுக்கும் மீன்களுக்கும் தனிச் சட்டங்கள் வந்தன. அவை கட்டுப்பாட்டுடன் வேட்டையை அனுமதித்த சட்டங்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடக்கத்தில் சில விலங்குகளுக்கு உரிமம் பெறும் வழி இருந்தது. அந்தக் கதவை 1991ஆம் ஆண்டுத் திருத்தம் மூடிவிட்டது. திருவிழா வழக்கத்துக்கென்று தனி விலக்கு எதுவும் கிடையாது.

இரண்டாம் அட்டவணை விலங்கானால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பல வழக்குகள் நீதிமன்றத் தண்டனைக்குப் பதிலாகப் பிரிவு 54இன்கீழ் இணக்கத் தொகை செலுத்தி முடிகின்றன. ஊரில் அபராதம் என்று சொல்வது பெரும்பாலும் அதைத்தான். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தத் தொகையின் உச்சவரம்பை ஐந்து லட்சம் ரூபாயாக உயர்த்தியிருக்கிறது என்பதை இளைஞர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். முதல் அட்டவணையில் உள்ள மயில், உடும்பு, எறும்புத்தின்னி போன்றவை சிக்கினால் இணக்கத்துக்கே இடமில்லை. குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஏழாண்டு சிறை. முயலுக்கு விரித்த வலைக்குள் உடும்பு வந்து விழாது என்று யாரும் உறுதி தர முடியாது. மேலூர்ப் பக்கத்திலேயே அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களின் 193.42 ஹெக்டேர் பரப்பு 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே எறும்புத்தின்னியும் தேவாங்கும் மலைப்பாம்பும் வாழ்கின்றன.

உங்கள் ஊரின் பக்தியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் வேட்டை என்ற சடங்குக்கு உயிர்ப்பலி கட்டாயமில்லை. நம் பக்கத்துக் கோயில்கள் பலவற்றில் விஜயதசமியன்று சாமி குதிரை வாகனத்தில் பொட்டலுக்கு எழுந்தருளி அம்பு எய்வதோடு வேட்டை நிறைவேறிவிடுகிறது. ஊர்க்கூட்டத்தில் இதைப் பேசிப் பாருங்கள். இருபது வயதுப் பையன் ஒருவன் வேலைக்கான காவல் துறைச் சான்றில் வழக்கோடு நிற்பதைக் காட்டிலும் அது எவ்வளவோ மேல்.

கேள்வி: மக்காச்சோளமும் நிலக்கடலையும் காட்டுப்பன்றியால் பாழாகின்றன. பன்றியைச் சுட அரசே அனுமதித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். நாங்களே சுடலாமா? மின்வேலி போடலாமா? (பேரையூர் வட்டம்)

பதில்: நீங்கள் சுடக் கூடாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாடு பாதிதான் ஊருக்குள் பரவியிருக்கிறது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதியே இல்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் அதைப் பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம். பிடிப்பதும் சுடுவதும் வனத் துறையினரின் வேலையே ஒழிய, விவசாயியின் வேலை அன்று. கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், வனப் பணியாளர் ஆகியோர் அடங்கிய கிராம அளவிலான குழுவின் வழியாகக் கோரிக்கை போக வேண்டும். ஆகவே உங்கள் நிலம் காட்டெல்லையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதை முதலில் எழுத்தில் பெறுங்கள்; மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது. சேதம் நடந்த அன்றே படம் எடுத்து, அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு) நகலோடு வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனுவையும் கொடுத்துவிடுங்கள்.

பயிர்ப் பாதுகாப்புக்கென்று ஆயுதச் சட்டத்தின்கீழ் துப்பாக்கி உரிமம் வைத்திருப்போர் சிலர், அதையே வேட்டைக்கான அனுமதி என்று நினைக்கிறார்கள். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம் வேறு, விலங்கைக் கொல்லும் அனுமதி வேறு. தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்துடன் விலங்கைத் தாக்கியவரைப் பிரிவு 11(2) காப்பாற்றும். பயிரைக் காக்கச் சுட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

மின்வேலி பற்றிச் சற்று அழுத்தியே சொல்கிறேன். மின்கம்பத்திலிருந்தோ மோட்டார் அறையிலிருந்தோ நேராக மின்சாரம் எடுத்துக் கம்பியில் விடுவது வேலி அன்று, அது கொலைப்பொறி. அதில் பன்றி செத்தால் வன உயிரின வழக்கு. மனிதர் செத்தால் சிறை. அதிகாலையில் மடை திறக்கப் போன பக்கத்து நிலத்துக்காரரோ, சில நேரம் வேலி போட்டவரின் சொந்த மகனோ அந்தக் கம்பியை மிதித்துவிடுகிறார்கள். பேட்டரியில் இயங்கி, விட்டுவிட்டு மெல்லிய அதிர்ச்சி தரும் சூரிய சக்தி வேலிக்கு வழி உண்டு. அதையும் 2023ஆம் ஆண்டின் தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி பதிவு செய்தே அமைக்க வேண்டும்.

நாட்டு வெடி பொதிந்த அவுட்டுக்காயையும் கம்பிச் சுருக்கையும் தயவுசெய்து தொடாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் அழகர்மலை அடிவாரத்து மாந்தோப்பு ஒன்றில், பன்றிக்கென்று வைத்த சுருக்கில் ஒரு பெண்மயில் சிக்கியிருந்ததைப் பார்த்தேன். மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கம்பியை முறுக்கிச் செய்த சுருக்கு அது. கால் எலும்பு வரை இறங்கியிருந்தது. சுற்றிலும் அது அடித்துக்கொண்ட இறகுகள் மண்ணோடு மண்ணாகக் கிடந்தன. தோட்டக்காரர் கெட்டவர் அல்லர். கடன் வாங்கி மரம் வைத்தவர். ஆனால் கம்பிக்கு ஆள் தெரியாது.

கேள்வி: எங்கள் கண்மாயை ஒருவர் மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) குத்தகைக்கு எடுத்திருக்கிறார். ஊர் மக்கள் தூண்டில் போட்டாலும் தடுக்கிறார். ஆண்டுதோறும் நடக்கும் மீன்பிடித் திருவிழாவும் நின்றுவிட்டது. கண்மாய் ஊருக்குச் சொந்தமில்லையா? (வாடிப்பட்டி வட்டம்)

பதில்: உணர்வில் அது ஊருடையது, ஆவணத்தில் அரசுடையது. பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலப் பரப்பு) உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் இருக்கும். மீன்பாசி ஏலத்தை யார் விட்டார்கள், எந்தப் பசலிக்கு (வருவாய் ஆண்டுக்கு) விட்டார்கள், நிபந்தனைகள் என்னென்ன என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு வாங்குங்கள். ஏலம் முறையாக நடந்திருந்தால், குத்தகைக் காலம் முடியும்வரை மீனின்மீது உரிமை குத்தகைதாரருக்கே. அவர் குஞ்சு வாங்கி விட்டு வளர்த்த கட்லாவையும் ரோகுவையும் அள்ளிப்போவது அவருக்கு இழைக்கும் அநியாயம்.

அதே வேளையில் அவர் வாங்கியது மீனை; தண்ணீரை அன்று. மீன் பிடிப்பதற்காக மடையைத் திறந்து தண்ணீரை வீணாக்கினாலோ, கால்நடைகள் தண்ணீர் குடிப்பதைத் தடுத்தாலோ, ஏலம் விட்ட அலுவலகத்துக்கு உடனே எழுத்தில் புகார் கொடுங்கள்.

திருவிழா பற்றி உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. கரையில் நாலு ஊர்ச் சனம் ஊத்தா என்னும் மீன்பிடிக் கூடையும் கச்சாவும் அரிவலையும் ஏந்தி நிற்க, ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டுத் துண்டை வீசியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் சேற்றுக்குள் இறங்குவதையும், ஊத்தாவின் மேல்வாய் வழியாகக் கையை விட்டு விராலின் தலையைத் தடவிப் பிடிப்பதையும் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஏலத்துக்கு முன்பே கிராம சபையில் தீர்மானம் போட்டு, அறுவடைக்குப் பின் ஒரு நாளை ஊருக்கு ஒதுக்கும்படி நிபந்தனை சேர்க்கக் கோரலாம். அல்லது குத்தகை முடிந்து, குத்தகைதாரர் தம் மீனை எடுத்த பிறகு, வற்றும் தண்ணீரில் விழாவை வைத்துக்கொள்ளலாம். ஏலத்துக்குப் பின் சண்டைக்குப் போவதைவிட, ஏலத்துக்கு முன் மனு கொடுப்பதே பலன் தரும்.

கேள்வி: குட்டைத் தண்ணீரில் மருந்து கலந்தும் தோட்டா போட்டும் மீன் பிடிக்கிறார்கள். இதற்குச் சட்டம் உண்டா? (உசிலம்பட்டி வட்டம்)

பதில்: 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் இதற்கென்றே பிறந்தது. மீனைப் பிடிக்கவோ அழிக்கவோ தண்ணீரில் வெடி வைப்பது அதன் பிரிவு 4இன்படியும், விஷமோ சுண்ணாம்போ தீங்கான வேறு பொருளோ கலப்பது பிரிவு 5இன்படியும் குற்றம். திருகுகள்ளிப் பாலோ காக்காய்க்கொல்லி விதையோ “நாட்டு மருந்துதான்” என்று தப்பிவிடாது. வெடியில் குஞ்சும் முட்டையும் சேர்ந்தே அழிகின்றன. அடுத்த ஆண்டு அயிரைக்கு அந்தத் தண்ணீரில் வித்து இருக்காது. வெடிபொருள் வைத்திருப்பதே தனிக் குற்றம் என்பதால், காவல் நிலையத்தில் புகார் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலம் கண்மாய்க்கும் உண்டா? (திருப்பரங்குன்றம்)

பதில்: இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை, கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு உரியது. 2017க்கு முன் அது 45 நாளாக இருந்தது. சித்திரைத் திருவிழா நேரத்தில் மதுரைச் சந்தையில் கடல் மீன் விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். உள்நாட்டு மீன்வளம் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். காட்டு விலங்குகளோ 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்துக்குப் பின் பொதுப்பட்டியலில் உள்ளவை. கண்மாய்க்குள் இருக்கும் மீனுக்கு ஒரு சட்டமும் கரையில் ஓடும் முயலுக்கு வேறு சட்டமும் இருப்பது இதனால்தான்.

கேள்வி: வீட்டில் கூண்டில் பச்சைக்கிளி வளர்க்கலாமா? பழனிக்குக் கொண்டுபோகும் மயிலிறகும் குற்றமா? (செல்லூர்)

பதில்: நம் நாட்டுப் பச்சைக்கிளியை விற்பதும் வாங்குவதும் கூண்டில் வைப்பதும் குற்றம். தானாக உதிர்ந்த மயில் தோகைக்குச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. காவடிக்குத் தாராளமாகக் கட்டலாம்.

கேள்வி: விடுமுறைக்குக் கொடைக்கானலும் தேக்கடியும் போகிறோம். படகில் ஏறும் முன் எதைக் கவனிக்க வேண்டும்? (மதுரை, அண்ணாநகர்)

பதில்: 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். நம் மேலூர் வயல்களுக்கு வந்து சேரும் அதே பெரியாற்றுத் தண்ணீர் அது. 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி, இயந்திரப் படகுக்குத் தகுதி ஆய்வுச் சான்று, பதிவு, காப்பீடு ஆகிய மூன்றும் வேண்டும். ஓட்டுபவருக்கும் தகுதிச் சான்று வேண்டும். கேட்பது உங்கள் உரிமை. ஏற்றக்கூடிய ஆட்களின் எண்ணிக்கையைப் படகில் தேடிப் பாருங்கள். அதற்கு மேல் ஏற்றினால் இறங்கிவிடுங்கள். உயிர்காப்பு உடையைக் கையில் வைத்துக்கொண்டு உட்காராமல், பிள்ளைகளுக்கு வாரை இழுத்துக் கட்டிவிடுங்கள். கரையில் யானையோ காட்டெருமையோ தெரிந்தால் எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து ஓடக் கூடாது.

கேள்வி: கண்மாயில் போட்ட வலையில் ஆமை சிக்கியது. கிணற்றில் விட்டால் தண்ணீர் சுத்தமாகும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். தவறா? (திருமங்கலம் வட்டம்)

பதில்: தவறுதான், ஆனால் சரிசெய்ய இன்னும் நேரம் இருக்கிறது. நம் கண்மாய்களில் பரவலாகக் காணப்படும் பாலாமை முதல் அட்டவணையில் இருக்கிறது. காட்டு விலங்கு எந்த வகையில் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ உரிய அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். அதற்குப் பின் அது உங்களிடம் இருந்தால், முறைகேடாக வைத்திருப்பதாகவே கருதப்படும்; இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். இன்றே வனச்சரக அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். அவர்கள் சொல்லும்படி ஒப்படையுங்கள். இனி வலையில் சிக்கினால், வலையின் கண்ணியை அறுத்தாவது அங்கேயே தண்ணீரில் விட்டுவிடுங்கள்.